பழைய வீட்டுக் கணினிகளில் விமானம் ஓட்டிய கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலே நாலு கோடு, நடுவில் ஓர் அடிவானம், கீழே வரிசையாக வட்ட முள்கள். இதைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு அப்புறம் கேள்வி கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் காலத்து ஃப்ளைட் சிமுலேட்டர்களைச் சொல்கிறீர்கள்?

விமானம் ஓட்டுவதைக் கணினித் திரையில் பாவனையாகச் செய்ய வைக்கும் நிரல்கள்தான் ஃப்ளைட் சிமுலேட்டர்கள். நான் சொல்வது ஏறக்குறைய 1980 முதல் 1990 வரை வந்தவை. ஆப்பிள் 2, டி.ஆர்.எஸ்.-80, கொமடோர் 64, அட்டாரி, இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம், பி.பி.சி. மைக்ரோ, முதல் ஐ.பி.எம். பி.சி. ஆகியவற்றில் ஓடியவை. பெரும்பாலும் 16 முதல் 64 கிலோபைட் நினைவகம். இன்று ஃபோனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அமிகா, அட்டாரி எஸ்.டி. காலத்தையும் கொஞ்சம் தொட்டுப் போகிறேன். ஆனால் என் மனசு இருப்பது அதற்கு முந்தைய கோட்டுப் படக் காலத்தில்தான்.

முதலில் வந்தது எது?

வீட்டுக் கணினிக்கென்று வந்து எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது, சப்லாஜிக் நிறுவனத்தின் எஃப்.எஸ்.1, அதாவது ஃப்ளைட் சிமுலேட்டர் 1. எழுதியவர் புரூஸ் ஆர்ட்விக். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவர். விமானமும் ஓட்டுவார். 1975-இல் அவர் எழுதிய ஆய்வேடே, விமானப் பறப்பைக் கணினித் திரையில் உயிரோட்டமாகக் காட்டுவது பற்றியதுதான். அடுத்து கணினி வரைகலை பற்றிப் பத்திரிகைகளில் கட்டுரைகள் எழுதினார். படித்தவர்கள் "இந்த நிரல் விலைக்குக் கிடைக்குமா?" என்று விசாரிக்க ஆரம்பிக்கவே, 1977-இல் சப்லாஜிக் உருவானது. 1979 முடிந்து 1980 பிறக்கும் சமயத்தில் ஆப்பிள் 2 கணினிக்கான பதிப்பு வெளிவந்தது. சீக்கிரமே டி.ஆர்.எஸ்.-80-க்கும் ஒன்று வந்தது.

சிமுலேட்டர் என்ற யோசனை மட்டும் கணினிக்கு மிகவும் மூத்தது. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் 1929-இல் ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். அவர் அப்பாவுக்கு ஆர்கன், பியானோ செய்யும் தொழிற்சாலை. ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளையே எடுத்து, உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கும் சின்ன விமானக் கூட்டை ஆட்டினார். இரண்டாம் உலகப் போரில் ஏராளமான விமானிகள் அந்த நீலப் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் கருவிகளைப் பார்த்து ஓட்டக் கற்றார்கள். அந்தப் பெட்டிக்கு வெளியே பார்க்க ஜன்னல் காட்சி கிடையாது என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயம் மறுபடியும் வரும்.

திரையில் உண்மையில் என்னதான் தெரிந்தது?

ரொம்பக் கம்மி. எஃப்.எஸ்.1-இன் உலகம் 6-க்கு 6 என்று மொத்தம் 36 கட்டங்கள். தரை என்றால் கோடு. மலை என்றால் சில முக்கோணங்கள். கட்டம் போட்ட நோட்டில் குழந்தை வரைந்த மாதிரி இருக்கும். நொடிக்கு மூன்று நான்கு படங்கள் மாறினாலே பெரிய விஷயம். திருப்பினால் உலகம் சுழலாது, தத்தித் தத்திக் குதிக்கும்.

1983, 84-இல் ஆப்பிள், கொமடோர், அட்டாரி கணினிகளுக்கு வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் 2-இல் நிலைமை ரொம்பவே மாறியது. சிகாகோ, நியூயார்க்–பாஸ்டன், சியாட்டில், லாஸ் ஏஞ்சலஸ் என்று நான்கு நிஜப் பகுதிகள், எண்பதுக்கும் மேற்பட்ட விமான நிலையங்கள். நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை இருந்தது. இரட்டைக் கோபுரங்களும் இருந்தன. சிலை என்று சொன்னால்தான் சிலை. ஆனாலும் அதைச் சுற்றி வட்டமடித்தவர்கள் யாரும் அதைக் கோடு என்று நினைக்கவில்லை.

அவ்வளவு சின்னக் கணினியில் இது எப்படி முடிந்தது?

எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆப்பிள் 2-இல் இருந்தது 6502 என்ற செயலி. வேகம் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். அதாவது நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பு. கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், அந்தச் செயலிக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், பெருக்கவே தெரியாது. பெருக்கல் வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்தில் செய்வது போல இலக்கம் இலக்கமாக நகர்த்திக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதுவும் ஒரு தடவைக்கு 8 பிட், அதாவது 255 வரை போகும் சின்ன எண் மட்டுமே கையாளும். 16 பிட் எண்கள் இரண்டைப் பெருக்க, தோராயமாக ஐந்நூறு துடிப்பு போய்விடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். விமானம் சாயும்போது தரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் மூன்று அச்சுகளில் சுழற்ற வேண்டும். அதற்கு ஒரு புள்ளிக்கு ஒன்பது பெருக்கல். அதுவே 4,500 துடிப்பு. நூறு புள்ளிகள் இருந்தால் நாலரை லட்சம். கிட்டத்தட்ட அரை நொடி அதிலேயே தீர்ந்தது. இன்னும் தொலைவுக்கு ஏற்பச் சுருக்க வகுத்தல் இருக்கிறது. திரைக்கு வெளியே நீளும் கோடுகளை ஓரத்தில் வெட்ட வேண்டும். மிஞ்சியதை ஒவ்வொரு புள்ளியாக வைத்துக் கோடாக வரைய வேண்டும். பழைய படத்தை அழிக்கவும் வேண்டும். இத்தனைக்கும் நடுவில் விமானம் எங்கே போகிறது என்றும் கணக்குப் பார்க்க வேண்டும்.

அதனால் குறுக்கு வழிகள். சைன், கொசைன் மதிப்புகளை முன்கூட்டியே அட்டவணையாகச் சேமித்து வைப்பது ஒன்று. பின்ன எண்களே இல்லாமல் எல்லாவற்றையும் முழு எண்களாக அளவு மாற்றி நடத்துவது இன்னொன்று. இன்னும் அழகான ஒரு தந்திரம் உண்டு. இரண்டு எண்களின் கூட்டலை வர்க்கப்படுத்தி, அதிலிருந்து அவற்றின் வித்தியாசத்தின் வர்க்கத்தைக் கழித்து, நாலால் வகுத்தால் கிடைப்பது அந்த இரண்டு எண்களின் பெருக்கல். உதாரணத்துக்கு 7, 3. கூட்டினால் 10, வர்க்கம் 100. கழித்தால் 4, வர்க்கம் 16. 100-இல் 16 போனால் 84, நாலால் வகுத்தால் 21. வர்க்கங்களை நாலால் வகுத்தே ஓர் அட்டவணையாக நினைவகத்தில் வைத்துவிட்டால் பெருக்கல் என்பது இரண்டு தடவை எட்டிப் பார்ப்பதும் கொஞ்சம் கூட்டல் கழித்தலும்தான். எட்டாம் வகுப்பு இயற்கணிதம் விமானத்தைப் பறக்க வைக்கிறது! அந்தக் காலத்து நிரலாளர்கள் பலர் இதைக் கையாண்டார்கள். முதன்முதலாக இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

திரையில் பாதியைக் கருவிப்பலகை ஏன் அடைத்துக்கொண்டது?

பார்ப்பவர்கள் முதலில் குறை சொல்வது இதைத்தான். ஜன்னல் இத்தனூண்டு, கீழே பாதி முழுக்க முள்ளும் எண்ணும்.

முதல் காரணம் சிக்கனம். கருவிப்பலகையின் சட்டத்தை ஒரு தடவை வரைந்தால் போதும், அப்புறம் முள் மட்டும் நகர வேண்டும். ஜன்னல் சின்னதாக இருந்தால் வரைய வேண்டிய கோடுகளும் சின்னவை, அழிக்க வேண்டிய பரப்பும் கம்மி. மேலே சொன்ன கணக்குக்குப் பிறகு இது புரியும்.

ஆனால் என் கட்சி வேறு. அந்தச் சிமுலேட்டர்களில் பொய்யில்லாத பகுதி அந்தக் கீழ்ப்பாதிதான். ஜன்னலில் தெரிந்த மலை மலை போல இல்லை. ஆனால் வேகமானியில் முள் இறங்குவதும், உயரமானி சுற்றுவதும், மூக்கைத் தூக்கினால் வேகம் குறைந்து கடைசியில் விமானம் தூக்கும் விசையை இழந்து விழுவதும் நிஜ விமானத்தை ஒட்டியே நடந்தன. ஒரு முள்ளை வரைய அதிகச் சக்தி தேவையில்லை. நிஜ விமானத்திலும் அது வெறும் முள்தான், திரையிலும் வெறும் முள்தான். மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் நிஜ விமானிக்கும் ஜன்னலில் ஒன்றும் தெரியாது. அந்த நிமிடத்தில் 64 கிலோபைட் கணினியில் உட்கார்ந்திருப்பவனும் நிஜ காக்பிட்டில் இருப்பவனும் பார்ப்பது ஒரே காட்சி. லிங்கின் பெட்டிக்கு ஜன்னல் தேவைப்படாததும் இதனால்தான்.

டி.ஆர்.எஸ்.-80 பதிப்பில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டி வந்தது. அதன் திரை 128-க்கு 48 கட்டைப் புள்ளிகள்தான் காட்டும், நினைவகமும் போதவில்லை. கருவிப்பலகையை எடுத்துவிட்டார்கள். அதைப் பெரிதாக நினைவுகூர்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு அதில் ஆச்சரியமும் இல்லை.

இவை கேமா, பயிற்சிக் கருவியா?

இரண்டுக்கும் நடுவில். எஃப்.எஸ்.1-இலேயே 'பிரிட்டிஷ் ஏஸ்' என்ற முதல் உலகப் போர்ச் சண்டை இருந்தது. எதிரி விமானத்தைச் சுடலாம், எரிபொருள் கிடங்கில் குண்டு போடலாம். பின்னால் வந்த பதிப்புகளிலும் அது தொடர்ந்தது. டபிள்யூ எழுத்தை அழுத்தினால் போர் அறிவித்ததாக அர்த்தம். பெரியவர்கள் அறையை விட்டுப் போனதும் எத்தனை பேர் அந்த எழுத்தை அழுத்தினோம் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

எல்லாரும் மீக்ஸ் ஃபீல்டு என்று உருகுகிறார்களே, அது என்ன?

சிகாகோ நகரத்தையொட்டி, மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த ஒரு சின்ன விமான நிலையம். ஒரே ஓடுபாதை, நீளம் சுமார் 3,900 அடி. அந்தக் காலத்து மைக்ரோசாஃப்ட் பதிப்பைத் திறந்தாலும் சப்லாஜிக்கின் ஃப்ளைட் சிமுலேட்டர் 2-ஐத் திறந்தாலும் உங்கள் விமானம் வடக்கு பார்த்து அங்கேதான் நின்றுகொண்டிருக்கும். கிளம்பினால் வலது பக்கம் ஏரி, இடது பக்கம் நகரத்தின் உயரமான கட்டடங்கள். தொடக்க இடமாக இதைத் தேர்ந்தெடுத்தவர்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். ஏரி என்றால் வரைய ஒன்றும் இல்லை, வெறும் பரப்பு. கணினிக்குப் பாதிச் சுமை குறைந்தது. மறுபக்கம் நாலு கட்டடம் வைத்தால் நகரம் வந்துவிடுகிறது.

சிகாகோவுக்குக் காலடி எடுத்து வைக்காத லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த ஓடுபாதை சொந்தத் தெரு மாதிரி. 2003 மார்ச் 30 இரவு, நகர மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவில் புல்டோசர்கள் வந்து ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறி போலப் பள்ளங்களைத் தோண்டிவிட்டன. நிறுத்தி வைத்திருந்த விமானங்கள் மாட்டிக்கொண்டன. உரிய காலத்தில் முன்னறிவிப்பு கொடுக்கவில்லை என்று விமானத் துறை நிர்வாகம் நகரத்துக்கு 33,000 டாலர் அபராதம் போட்டது. இப்போது அங்கே பூங்கா. பழைய நிரலைத் திறந்தால் மட்டும் ஓடுபாதை அப்படியே இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் எப்போது உள்ளே வந்தது?

1982 நவம்பரில். ஆர்ட்விக்கின் நிரலை உரிமம் வாங்கி ஐ.பி.எம். பி.சி.க்குக் கொண்டுவந்தார்கள். விமானம் செஸ்னா 182. சப்லாஜிக் தன் பெயரில் வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேட்டர் 2-இல் பைப்பர் ஆர்ச்சர்.

இந்த முதல் பதிப்புக்கு யாரும் எதிர்பாராத ஒரு வேலை வந்து சேர்ந்தது. அப்போது ஐ.பி.எம். போலவே இயங்கும் நகல் கணினிகள் பல வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் "நூறு சதவீதம் பொருந்தும்" என்றது. உண்மையா என்று பார்க்க இரண்டு நிரல்களை ஓட்டினார்கள். ஒன்று லோட்டஸ் 1-2-3 என்ற அலுவலகக் கணக்குத்தாள் நிரல், இன்னொன்று ஃப்ளைட் சிமுலேட்டர். சிமுலேட்டர், டாஸ் என்ற இயங்குதளத்தையே நம்பாமல் ஃபிளாப்பியிலிருந்து தானாகக் கிளம்பும், வன்பொருளை நேராகத் தொட்டு வேலை வாங்கும். நகலில் எங்கே ஓட்டை இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். அலுவலகக் கணினியில் விளையாட்டு ஓட்டுவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைத்ததில்லை.

ஆர்ட்விக் 1988-இல் சப்லாஜிக்கை விட்டு வெளியே வந்து தனி நிறுவனம் தொடங்கினார். அதை 1995-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது.

ஸ்பெக்ட்ரம், பி.பி.சி. மைக்ரோ வைத்திருந்தவர்கள் என்ன ஓட்டினார்கள்?

பின்னாளில் கையடக்கக் கணினிகளுக்குப் பெயர் பெற்ற சயான் நிறுவனம், 1982-இல் ஃப்ளைட் சிமுலேஷன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முதலில் இசட்.எக்ஸ்.81-க்கு. அந்தக் கணினியின் வரைகலை 64-க்கு 48 கறுப்பு வெள்ளைக் கட்டைகள்! அதிலேயே அடிவானம் சாய்ந்தது. அடுத்து வந்த ஸ்பெக்ட்ரம் பதிப்பில் வரைபடமும், திசைகாட்டும் ரேடியோ நிலையங்களும், ஓடுபாதைகளும் இருந்தன.

பி.பி.சி. மைக்ரோவில் 1983-இல் வந்தது ஏவியேட்டர். எழுதியவர் ஜெஃப் கிராமண்ட், வெளியிட்டது ஏகார்ன்சாஃப்ட். விமானம் ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் சண்டை விமானம். பாலத்துக்கு அடியில் நுழைந்து போனால் மதிப்பெண். நகரத்தின் தெரு வழியாகக் கட்டடங்களுக்கு நடுவே பறந்தாலும் மதிப்பெண். கூடவே ஊரைத் தாக்க வரும் வேற்றுக்கிரகவாசிகள் வேறு. ஸ்பிட்ஃபயருக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த விமானம் பறந்த விதத்தில் விளையாட்டுத்தனம் இல்லை. வேகம் அதிகமானால் உடைந்துவிடும். கிராமண்ட் பின்னாளில் கார் பந்தயச் சிமுலேட்டர்களுக்குப் பெயர் பெற்றார். அந்தக் கண்டிப்பு அவற்றிலும் தெரியும்.

சண்டை விமான சிமுலேட்டர்கள்?

அது தனி உலகம். சிட் மையர் எழுதி மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட சோலோ ஃப்ளைட் 1983-இல் வந்தது. சண்டை இல்லை, தபால் மூட்டை கொண்டுபோகும் வேலை. விமானத்தை வெளியே பின்னாலிருந்து பார்த்து ஓட்ட வேண்டும். அதைத் தொடர்ந்து எஃப்-15 ஸ்ட்ரைக் ஈகிள், 1988-இல் எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர் என்று வரிசையாக வந்தன. 1987-இல் ஃபால்கன். 1988-இல் அமிகாவுக்கு எஃப்/ஏ-18 இன்டர்செப்டர். அதில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு அடியில் போகாதவர் இல்லை. நிறம் நிரப்பிய உருவங்கள், வழுக்கிக்கொண்டு போகும் வேகம். வாயைப் பிளந்து பார்த்தோம். ஜன்னல் பெரிதாகிவிட்டது. கீழே முள்களை யாரும் அவ்வளவாகப் பார்க்கவில்லை.

ஜாய்ஸ்டிக் இல்லாமல் கீபோர்டில் விமானம் ஓட்ட முடிந்ததா?

முடிந்தது, பழகும் வரை பாடுதான். ஒரு கொத்து எழுத்துகள் சுக்கானுக்கு, இன்னொரு கொத்து எஞ்சினுக்கு. எழுத்தை ஒரு தடவை தட்டினால் விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடலான எய்லரான் ஒரு படி நகர்ந்து அங்கேயே நிற்கும். திருப்பி மையத்துக்குக் கொண்டுவர வேறு எழுத்து. கையை எடுத்தால் தானாக மையத்துக்கு வரும் என்று நினைத்தால் விமானம் சாய்ந்துகொண்டே போகும்.

என் அனுபவம் ஒன்று. நான் முதலில் ஓட்டியது கையேடு இல்லாத ஒரு நகல். யாரோ கையால் எழுதிய எழுத்துப் பட்டியல் ஒரு துண்டுக் காகிதத்தில் கூட வந்தது. அதில் மூக்கைத் தூக்கும் எழுத்தும் தாழ்த்தும் எழுத்தும் இடம் மாறி எழுதப்பட்டிருந்தன. ஒரு வாரம் முழுக்க ஒவ்வொரு தடவையும் ரன்வேயைத் தாண்டிப் போய் ஏதாவதொன்றில் மோதினேன். விமானம் ஓட்டுவது இவ்வளவு கஷ்டமா, இதனால்தான் விமானிகளுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன். எட்டாம் நாள் கோபத்தில் தப்பான எழுத்தை வேண்டுமென்றே குத்தினேன். மூக்கு தூக்கியது, சக்கரம் தரையை விட்டது, அடிவானம் கீழே நழுவியது. அந்தக் காகிதத்தை எழுதியவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

கிளம்புவது சுலபம், இறங்குவது மட்டும் ஏன் முடியவே இல்லை?

நிஜத்திலும் அப்படித்தான். பழைய கணினி அதை இன்னும் கஷ்டமாக்கியது. நொடிக்கு மூன்று படம் என்றால், நீங்கள் எழுத்தைத் தட்டியதன் விளைவு கண்ணுக்குத் தெரிய அரை நொடி ஆகிறது. ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு தட்டு. அதற்குள் முதல் தட்டு வேலை செய்திருக்கும். மூக்கு ஏகத்துக்கு மேலே. பதறிக் கீழே தட்டுவீர்கள். மேலே, கீழே, மேலே, கீழே, தரை.

அதோடு நிஜ விமானி, தரை அருகில் வருவதைப் புல், நிழல், ஓடுபாதை ஓரங்கள் விரிந்துபோகும் வேகம் இவற்றை ஓரக்கண்ணால் உணர்ந்துதான் மூக்கைத் தூக்குகிறார். நமக்குப் புல் இல்லை, நிழல் இல்லை, ஓரக்கண்ணுக்குத் தெரிவது அறைச் சுவர்தான்.

அதனால் வெளியே பார்க்காதீர்கள். செஸ்னா மாதிரிச் சின்ன விமானத்தை 70 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் நிறுத்துங்கள். நாட் கணக்கில் தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால், வழக்கமான 3 டிகிரிச் சரிவில் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது வரும். 70 நாட்டுக்கு 350 அடி. இறங்கு வேக முள் அங்கே நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். உயரத்தை எஞ்சினாலும் வேகத்தை மூக்காலும் கட்டுப்படுத்துங்கள். ஒரு தட்டு, ஒரு மூச்சு, முள் நகர்ந்ததா என்று பார்த்த பிறகே அடுத்த தட்டு. கடைசி இருபது அடியில் எஞ்சினைக் குறைத்து மூக்கைக் கொஞ்சம் தூக்கினால் போதும். நான் முதல் தடவை உருப்படியாக இறங்கியது மேகத்தைத் தரை வரை இறக்கி வைத்துக்கொண்டு, ரேடியோ அலையால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். கருவியின் முள்கள் இரண்டையும் மட்டும் பார்த்து. ஜன்னலில் எதுவும் தெரியாதபோதுதான் கை சும்மா இருந்தது.

கேசட்டிலிருந்து ஏற்றுவது எப்படி இருக்கும்?

ஸ்பெக்ட்ரத்தில் 48 கிலோபைட் நிரல் ஏற ஐந்து நிமிடம் வரை ஆகும். கீச்சென்ற சத்தம், திரை ஓரத்தில் வண்ணக் கோடுகள் ஓடும். நாலரை நிமிடம் ஓடிவிட்டுப் பிழை என்று வந்தால் திரும்ப முதலிலிருந்து. அந்த ஐந்து நிமிடத்தில் யாரும் மேசையை ஆட்டக் கூடாது. கொமடோர் 64-க்கு ஃபிளாப்பி இருந்தாலும் அதன் 1541 டிரைவ் நொடிக்குச் சில நூறு பைட்தான் கொடுக்கும், பெரிய வித்தியாசம் தெரியாது.

கையேடுகள் அவ்வளவு தடிமனாக இருந்தனவாமே?

ஆமாம். ஃப்ளைட் சிமுலேட்டர் 2-உடன் பறக்கும் முறைக்கு ஒரு புத்தகம், விமான இயற்பியலுக்கு இன்னொரு புத்தகம், நான்கு பகுதிகளுக்கும் வழிச் செலுத்தல் வரைபடங்கள் வந்தன. வி.ஓ.ஆர். என்ற ரேடியோ நிலையத்தின் அலைவரிசையை வரைபடத்தில் தேடி, கருவியில் அடித்து, முள் மையத்துக்கு வரும்வரை திருப்பி, அந்தக் கோட்டைப் பிடித்துப் போக வேண்டும். பள்ளிப் பாடத்தை இவ்வளவு கவனமாகப் படித்திருந்தால் என்று வீட்டில் பாட்டு விழும். வரைபடத்தை மடித்து மடித்து மடிப்பு கிழிந்துபோவதுதான் உண்மையான விமானியின் அடையாளம் என்று நாங்கள் நம்பினோம்.

இதில் பழகியவர்களால் நிஜ விமானத்தை ஓட்ட முடியுமா?

பாதி முடியும். கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணோட்டம் விடும் பழக்கமும், ரேடியோ வழிச் செலுத்தலும் நன்றாகவே வரும். வால் சுக்கானான ரடரைக் காலால் மிதிக்க வராது. ஏனென்றால் அந்த நிரல்களில் எய்லரானையும் ரடரையும் சேர்த்து ஓட்டும் தானியங்கி ஏற்பாடு இருந்தது, எல்லாரும் அதிலேயே இருந்துவிட்டோம். பயிற்றுநர்கள் இவர்களைப் பற்றிச் சொல்லும் வழக்கமான புகார், "உள்ளேயே பார்க்கிறார்கள், வெளியே பார்ப்பதில்லை" என்பது. நியாயமான புகார்தான். வெளியே பார்க்க எங்களுக்கு அப்போது என்ன இருந்தது?

இன்றைக்கு இவற்றை எப்படி ஓட்டிப் பார்ப்பது?

எமுலேட்டர் போதும், அதாவது இன்றைய கணினியைப் பழைய கணினி போல நடிக்க வைக்கும் நிரல். ஆப்பிள் 2-க்கு ஆப்பிள்வின், கொமடோருக்கு வைஸ், ஸ்பெக்ட்ரத்துக்கு ஃபியூஸ், பி.பி.சி. மைக்ரோவுக்கு பீபெம், பழைய பி.சி.க்கு டாஸ்பாக்ஸ். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பல பழைய நிரல்கள் உலாவியிலேயே ஓடும். பழசு என்பதால் காப்புரிமை போய்விடாது, அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எமுலேட்டரின் வேகத்தை ஏற்றி வைத்தால் படம் வழவழப்பாகும் என்று கை பரபரக்கும். சில நிரல்களில் படம் மாறும் வேகத்தோடு விமானத்தின் வேகமும் பின்னியிருக்கும். ஏற்றினால் செஸ்னா ராக்கெட் ஆகிவிடும். முதலில் அசல் வேகத்திலேயே ஓட்டுங்கள்.

எதில் ஆரம்பிக்கலாம்?

கொமடோர் 64-இன் ஃப்ளைட் சிமுலேட்டர் 2. பொறுமை இல்லாதவர்களுக்கு ஏவியேட்டர். எஃப்.எஸ்.1-ஐ மரியாதைக்காகப் பத்து நிமிடம் ஓட்டினால் போதும்.

உலகம் முழுவதையும் அப்படியே காட்டும் சிமுலேட்டர் இப்போது இருக்கும்போது இந்தக் கோடுகள் எதற்கு?

2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் பதிப்பில் பிங் வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து உலகத்தையே கட்டியிருக்கிறார்கள். நானும் ஓட்டுகிறேன். அழகில் மயங்கி உட்கார்ந்துவிடுகிறேன், அடுத்த நிமிடம் பார்த்தால் உயரம் முந்நூறு அடி குறைந்திருக்கிறது. பழையதில் பார்த்து மயங்க ஒன்றும் இல்லாததால் அந்த முந்நூறு அடி ஒருபோதும் குறைந்ததில்லை. பழையதுதான் சிறந்தது என்று சண்டைக்கு வரவில்லை. படம் மாறும் வேகத்தைப் பற்றி யாராவது ஏக்கத்தோடு பேசினால் நம்பாதீர்கள், அது அன்றைக்கும் எரிச்சல்தான்.

எமுலேட்டரில் எல்லாம் சரியாக ஏறிவிட்டது, விமானம் மட்டும் ரன்வேயில் நகரவே இல்லை. என்ன செய்வது?

வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார். எஞ்சின் வேகத்தைக் கூட்டும் எழுத்தை ஒரு தடவை தட்டினால் ஒரு படிதான் ஏறும், முழு வேகத்துக்குப் பல தடவை தட்ட வேண்டும். பிரேக் போட்டிருக்கிறதா பாருங்கள். பழைய கீபோர்டும் உங்கள் கீபோர்டும் ஒன்றில்லை என்பதால் எமுலேட்டரின் எழுத்துப் பொருத்தத்தையும் சரிபாருங்கள். எரிபொருள் முள்ளையும் ஒரு பார்வை பாருங்கள். இத்தனைக்கும் பிறகும் நகரவில்லை என்றால், நொடிக்கு மூன்று படம் என்பதை மறந்துவிட்டீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள், நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.